வெறும் பெட்டியின் கணக்கு

நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை என்று வேலூரைக் கேலி பேசுவது பழைய வழக்கம். அந்தப் பட்டியலில் கடலில்லாத் துறைமுகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆம்பூரில் தைக்கும் ஷூ, வாணியம்பாடியில் பதனிடும் தோல், ராணிப்பேட்டை சிப்காட்டின் ரசாயனம் எல்லாம் கப்பலேறினால்தான் காசு. அலையைப் பார்க்க இருநூறு கிலோமீட்டர் போக வேண்டிய நாங்கள், எந்தக் கப்பல் எந்தத் தேதியில் கரையைவிட்டுக் கிளம்புகிறது என்பதைப் பஞ்சாங்கம்போல மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ தொழிற்சாலையில் ஏற்றுமதி ஆவணங்களைப் பார்ப்பது என் வேலை. ஜெர்மனியிலிருந்து வாங்குபவர்கள் இந்த ஆண்டு அனுப்பிய படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் இருந்தது. தொழிற்சாலை வாசலிலிருந்து கப்பல் ஏறும்வரை ஒரு கன்டெய்னர் பெட்டிக்கு எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு, அதை எப்படிக் குறைக்கப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். தோலுக்கும் தண்ணீருக்கும் பதில் எழுதிப் பழகிவிட்டோம். துறைமுகத்துக்கு எழுதியதில்லை.

அடுத்த ஆண்டுக்கான போக்குவரத்து ஒப்பந்தத்தை ஐந்து தொழிற்சாலைகள் சேர்ந்து போடலாம் என்ற பேச்சு ஏற்கெனவே இருந்தது. எனவே ஒன்றாக உட்கார்ந்தோம். புகையும் மாசும் குறைந்த பசுமைத் துறைமுகத்துக்கு நம் பங்கு என்ன, துறைமுகத்திடம் எதைக் கேட்பது என்பதுதான் பேச்சு. மின்சார லாரி, ரயில், துறைமுகத்தையே மாற்றுவது, கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கேட்பது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஐந்தாவதாக நான் சொன்னதைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள்.

முதலில் இன்றைய நிலவரம். ஆம்பூரிலிருந்து சென்னைத் துறைமுகம் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். சென்னைக்கு வடக்கே மணலி, மாதவரம் பக்கத்து யார்டில் ஒரு 40 அடி வெறும் பெட்டியை ஏற்றிக்கொண்டு டிரெய்லர் கிளம்பும். ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, வேலூர் தாண்டி இங்கே வந்து, ஷூவை அடுக்கிக்கொண்டு அதே வழியில் திரும்பும். போகவர 380 கிலோமீட்டர். லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் என்று வைத்தால் 108 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். ஆக, ஒரு பெட்டிக்கு ஏறத்தாழ 290 கிலோ. இதில் கிட்டத்தட்டப் பாதி, உள்ளே காற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஆம்பூருக்கு வந்த தூரத்தின் செலவு.

கடலில் ஐரோப்பா வரை அதே பெட்டியின் பங்காக இதைப்போலப் பல மடங்கு எரிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கப்பல் எஞ்சினை மாற்றும் அதிகாரம் ஆம்பூரில் யாருக்கும் இல்லை. நம் கைக்கு எட்டுவது வாசலிலிருந்து கரை வரைதான்.

மின்சார லாரியைத்தான் எல்லோரும் முதலில் கைகாட்டினார்கள். படம் எடுத்து ஜெர்மனிக்கு அனுப்ப அதைவிட நல்ல பொருள் கிடையாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமையுள்ள டிரெய்லர் கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் எடுக்கும் என்று வைத்தால், போகவர 450 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஏனென்றால் அதில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியில் வருகிறது. பெருக்கினால் 300 கிலோவைத் தாண்டுகிறது. டீசல் லாரியைவிட ஒரு குண்டூசி அதிகம்! அனல் மின்நிலையப் புகைபோக்கியில் சாம்பலைப் பிடிக்கும் கருவிகளை நம் ராணிப்பேட்டை பெல் ஆலைதான் செய்கிறது. அவை சாம்பலைப் பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்காது.

தொழிற்சாலைக் கூரையில் சூரியத் தகடு போட்டு அதிலிருந்தே வண்டிக்கு மின்சாரம் கொடுத்தால் கதை வேறு. தினம் ஒரு நடைக்கு 110 கிலோவாட் அளவுக்குத் தகடு வேண்டும். கூரை இருக்கிறது, வெயிலுக்கும் வேலூரில் பஞ்சமில்லை. ஆனால் வண்டியின் விலையைக் கேட்ட டிரான்ஸ்போர்ட் உரிமையாளர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளி உட்கார்ந்தார். புகையும் சத்தமும் குறையும் என்பது உண்மைதான். மதுரவாயலுக்கு அப்பால் துறைமுக லாரி வரிசை ஒட்டி நகரும் வீடுகளுக்கு அது பெரிய நன்மை. ஐந்தாண்டு கழித்துப் பேசலாம் என்று ஒதுக்கிவைத்தோம்.

ரயிலுக்கு எனக்கு ஒரு தனிப் பாசம் உண்டு, மறைப்பதற்கில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அப்போது சென்னைக்கு முறையான துறைமுகமே கிடையாது. மசூலா படகில்தான் சரக்கு கப்பலுக்குப் போனது. துறைமுகம் வருவதற்கு முன்பே கடற்கரையையும் வடஆற்காட்டையும் தண்டவாளத்தால் கட்டிவிட்டார்கள். இன்றைக்கும் பெங்களூரு வைட்ஃபீல்டிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் ரயில்கள் ஜோலார்பேட்டை, ஆம்பூர், காட்பாடி வழியாகத்தான் போகின்றன. எங்கள் லெவல் கிராசிங்கில் நின்று எத்தனையோ முறை பெட்டிகளை எண்ணியிருக்கிறேன். நம் சரக்கு சாலையில் போகிறது, பெங்களூருச் சரக்கு நம் ஊர்த் தண்டவாளத்தில் போகிறது.

சாலையோடு ஒப்பிட்டால் ரயிலில் பத்தில் ஒரு பங்குதான் கரி, அதாவது கார்பன் டை ஆக்சைடு, என்று சொல்வார்கள். டன் கணக்கில் பார்த்தால் அது சரி. ஷூவுக்கு அது பொருந்தாது. ஷூ எடையால் நிறைவதில்லை, இடத்தால் நிறைகிறது. ஏறத்தாழ ஐயாயிரம் ஜோடி அடுக்கிய பெட்டியில் பத்து டன்கூட இருக்காது. ரயிலோ பெட்டியின் எடையையும், அதைத் தாங்கும் வாகன் என்னும் ரயில் வண்டியின் எடையையும் சேர்த்தே இழுக்க வேண்டும். இரண்டு முனையிலும் கொஞ்ச தூரம் லாரி ஓட வேண்டும், வெறும் பெட்டி திரும்பி வர வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் என் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்குகிறது. அதுவே பெரிய விஷயம், 290 கிலோ 100 கிலோவாகிறது. 

தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கன்டெய்னர் ரயில் என்றால் 45 வாகன்கள், அதாவது 45 நாற்பதடிப் பெட்டிகள். ஐந்து தொழிற்சாலை சேர்ந்தாலும் ஒரே நாளில் அத்தனை சேராது. சேரும்வரை காத்திருந்தால் கப்பல் காத்திருக்காது. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை எல்லோரும் சேர்ந்து, காட்பாடி பக்கம் ஏற்றி இறக்க ஓர் இடமும் கிடைத்தால் வாரம் இரண்டு ரயில் நியாயமானது. அதைச் சாதிக்க ஐந்து பேர் போதாது, மாவட்டத்துத் தொழில் சங்கங்கள் எல்லாம் ஒரே குரலில் பேச வேண்டும். தோல் தொழிலில் ஒரே குரலா என்று யாரோ கேட்டார், கூட்டத்தில் அன்று வந்த பெரிய சிரிப்பு அதுதான். துறைமுகத்துக்கு எழுதும் மனுவில் ரயிலுக்கு முதலிடம், ஒப்பந்தத்தில் இடமில்லை என்று முடிவானது. திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் 2022 மே மாதம் அடிக்கல் நாட்டிய சரக்குப் பூங்கா முழுதாக வந்தால் ஒரு வழி பிறக்கலாம். ஆனால் அது ஆம்பூரைவிடத் துறைமுகத்துக்குத்தான் பக்கம். அதுவரை லாரிதான் ஓட வேண்டும் என்றால் நமக்கு மிச்சமாவது கொஞ்ச தூரமே.

மூன்றாவது, துறைமுகத்தை மாற்றுவது. எண்ணூரில் காமராஜர் துறைமுகமும் அதன் பக்கத்திலேயே காட்டுப்பள்ளியும் இருக்கின்றன. பூந்தமல்லிக்கு அருகே வெளிவட்டச் சாலையில் திரும்பினால், 62 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலை மீஞ்சூரில் கொண்டுபோய் விடும். தூரம் கொஞ்சம் கூடும், ஆனால் ஊருக்குள் நுழைய வேண்டாம். சென்னைத் துறைமுகத்துக்கு மதுரவாயலிலிருந்து பறக்கும் சாலை என்று 2009இல் அடிக்கல் நாட்டினார்கள், 2012இல் வேலை நின்றது, 2022இல் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். அந்தச் சாலையை நம்பி ஒப்பந்தம் போட முடியாது.

வரிசையில் நிற்பதன் விலை எனக்கு நன்றாகத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு துறைமுக வாசலில் எங்கள் டிரெய்லர் ஓர் இரவும் பாதிப் பகலும் நின்றது. "எஞ்சினை அணைத்தால் உள்ளே உட்கார முடியவில்லை சார், அணைக்காவிட்டால் டீசல் போகிறது" என்று ஓட்டுநர் போனில் சொன்னார். நின்ற இடத்தில் மணிக்கு இரண்டு, மூன்று லிட்டர் போகும். அது பெரிய நஷ்டமில்லை. பெட்டியை ஒப்படைக்க வேண்டிய நேரம் தாண்டி, கப்பல் போய்விட்டது. ஜெர்மனியில் கடை திறப்புக்கு ஐந்நூறு ஜோடியாவது வேண்டும் என்றார்கள், விமானத்தில் அனுப்பினோம். அந்த ஐந்நூறு ஜோடிக்கு வானத்தில் எரிந்தது என் கணக்கில் மூன்று டன் கார்பன் டை ஆக்சைடு. பத்துப் பெட்டிகள் ஆம்பூருக்கும் துறைமுகத்துக்கும் போய்வரும் செலவு அது. லாரியை மின்சாரமாக்குவதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுபவர்கள் ஒரு விமானச் சரக்கைத் தவிர்ப்பதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவதில்லை.

அப்படியானால் வரிசையில்லாத பக்கம் போய்விடலாமே என்றால், மனம் ஒப்பவில்லை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, 2011 அக்டோபரிலிருந்து நிலக்கரி எண்ணூர்ப் பக்கம் போனது. ராயபுரத்துக் கொடிகளில் காயும் துணிக்கு விடிவு வந்தது. எண்ணூரில் கழிமுகத்தை நம்பிய மீனவர்கள் ஏற்கெனவே அனல் மின்நிலையச் சாம்பலோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை, ஆட்கள் வாளியில் அள்ளியதை நாடே பார்த்தது. காட்டுப்பள்ளியை ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்ததும் தெரிந்ததே. நாம் எல்லோரும் அங்கே போனால் வரிசையும் கூடவே வரும். அதைக் காட்டித்தான் இன்னும் கொஞ்சம் சதுப்பு நிலத்தைத் தூர்ப்பார்கள்.

துறைமுகம் என்றாலே கடற்கரையின் கணக்கு மாறும் என்பதற்கு சென்னையே சாட்சி. செயற்கைத் துறைமுகத்தின் சுவர்கள் மணல் ஓட்டத்தை மறித்ததால்தான் தெற்கே மெரினா அத்தனை அகலமானது. வடக்கே ராயபுரக் கரையைக் கடல் தின்றது. மெரினாவில் சுண்டல் சாப்பிடுபவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. துறைமுகம் தேர்ந்தெடுப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனவே கப்பல் அட்டவணை கட்டாயப்படுத்தினால் மட்டும் வடக்கே, மற்றபடி சென்னைதான் என்று வைத்துக்கொண்டோம்.

நான்காவது யோசனை கேட்கவே நன்றாக இருந்தது. கப்பல் கரையில் கட்டி நிற்கும்போது விளக்கு, பம்பு, குளிர்பதனப் பெட்டிகளுக்காகத் துணை எஞ்சின்களை ஓட்டிக்கொண்டே இருக்கும். அவற்றை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொடுப்பது. ஸ்வீடனின் கோதன்பர்க் 2000இல் சரக்குக் கப்பல்களுக்கு இதைத் தொடங்கியது, லாஸ் ஏஞ்சலஸ் 2004இல் கன்டெய்னர் கப்பல்களுக்குச் செய்தது. ஐரோப்பாவின் பெரிய துறைமுகங்களில் 2030 முதல் கன்டெய்னர் கப்பல்களும் பயணிகள் கப்பல்களும் கரை மின்சாரம் எடுப்பது கட்டாயமாகிறது. நம் நாட்டிலும் 2023 மே மாதம் ஹரித் சாகர் என்று பசுமைத் துறைமுக வழிகாட்டி வந்தது. ஒரு டன் சரக்குக்கான கரி உமிழ்வை 2030க்குள் 30 விழுக்காடு, 2047க்குள் 70 விழுக்காடு குறைப்பது அதன் இலக்கு.

இங்கேயும் அதே யூனிட் கணக்குதான் குறுக்கே வந்து நிற்கிறது. 1,500 கிலோவாட் எடுக்கும் கப்பல் ஒரு நாள் நின்றால் 36,000 யூனிட். நிலக்கரி கலந்த நம் மின்சாரத்தில் அது 25 டன் கார்பன் டை ஆக்சைடு. கப்பலின் சொந்த எஞ்சினில் எரித்தாலும் ஏறத்தாழ அவ்வளவேதான். இன்னொரு சிக்கல், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பெரும்பாலான கப்பல்கள் 60 ஹெர்ட்ஸ். நடுவே மாற்றி வைக்கப் பெரும் செலவாகும்.

அதனால் கரை மின்சாரம் வீண் என்று நான் சொல்லவில்லை. கரிக் கணக்கில் லாபம் இல்லாவிட்டாலும், கந்தகமும் நுண்தூளும் காசிமேட்டுக்குள்ளும் ராயபுரத்துக்குள்ளும் போவது நிற்கும். கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு 2020 ஜனவரியிலிருந்து 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5ஆகக் குறைந்தது உண்மை. அந்த அரை விழுக்காடும் அங்கே மூச்சு விடுகிறவர்களின் நெஞ்சில்தான் இறங்குகிறது. காற்றாலை, சூரிய மின்சாரத்தோடு சேர்த்துக் கொடுத்தால் கரியும் குறையும். ஆகவே நம் வாங்குபவரின் கட்டத்தை நிரப்ப இது உதவாது, ஆனாலும் கேட்க வேண்டும் என்றேன்.

செலவு யாருடையது என்று உடனே கேள்வி வந்தது. துறைமுகம் கட்டணத்தை உயர்த்தினால் நம் தலையில்தானே விழும் என்றார் ஒரு பெரியவர். விழட்டும் என்றேன், கொஞ்சம் கோபத்தோடுதான். மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று உறுதியாகச் சொன்னது, 1996இல் வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில். பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகள்மீதான வழக்கு அது. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவுமேட்டை இன்றைக்கும் பார்க்கலாம். நம் ஊர்த் தண்ணீரில் எழுதிய சட்டம், ராயபுரத்துக் காற்றுக்கு மட்டும் வேறாக இருக்க முடியாது. பெட்டிக்குச் சில நூறு ரூபாய் கூடினால் ஜோடிக்குச் சில காசுகள். பெரியவர் பதில் சொல்லவில்லை, டீ வந்துவிட்டது.

ஐந்தாவது, என்னுடையது. ஓசூருக்கும் பெங்களூருக்கும் இறக்குமதிச் சரக்கை ஏற்றிப் போகும் 40 அடிப் பெட்டிகள் பல, இறக்கிவிட்டுச் சென்னைக்கு வெறுமனே திரும்புகின்றன. எந்த வழியாக? நம் வாசல் வழியாக. அந்தப் பெட்டியை ஆம்பூரில் நிறுத்தி நம் ஷூவை ஏற்றிவிட்டால், சென்னையிலிருந்து ஒரு வெறும் பெட்டி இங்கே வருவதும், அங்கிருந்து ஒன்று வெறுமனே சென்னைக்குப் போவதும் இரண்டுமே நின்றுவிடும். இரண்டு வண்டி செய்த வேலையை ஒரு வண்டி செய்கிறது. மூன்றில் ஒன்றாகக் குறைவதல்ல இது, அந்த ஒரு நடை முழுசாகவே இல்லாமல் போகிறது. நான்கு பெட்டியில் ஒன்றுக்கு இப்படிப் பொருத்தம் கிடைத்தாலே, புது வண்டி வாங்காமல், தண்டவாளம் போடாமல் கால்வாசி குறைந்துவிடும். 

சொல்வது எளிது. ஏன் இதுவரை நடக்கவில்லை என்று சிரித்தவர்கள் கேட்டார்கள், நியாயமான கேள்வி. நம் ஊருக்கே வரும் தோல் பெட்டிகளைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். ஆனால் ஈரத்தோல் கனம், அது 20 அடிப் பெட்டியில் வரும். ஷூவுக்கு உயரம் கூடிய 40 அடிப் பெட்டி வேண்டும். மேலும் தோல் வந்த பெட்டியில் ஈரமும் வாசனையும் பல நாள் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் அப்படி ஒரு பெட்டியில் ஏற்றினால் ஐரோப்பாவில் திறக்கும்போது பூஞ்சை பூத்திருக்கும். எனவே எலக்ட்ரானிக்ஸ், இயந்திரப் பாகங்கள் வந்த உலர்ந்த பெட்டிதான் வேண்டும். அடுத்தது, பெட்டி கப்பல் நிறுவனத்துடையது. அதே நிறுவனத்தின் கப்பலில்தான் நம் சரக்கு போக வேண்டும், அவர்கள் அனுமதிக் கடிதமும் தர வேண்டும். பெட்டியில் நெளிவு இருந்தால் ஓசூர்க்காரர் செய்ததா, நாம் செய்ததா? சென்னை யார்டில் இதைப் பார்க்க ஆள் இருக்கிறார், ஆம்பூரில் இல்லை.

இவற்றில் எதுவுமே இயற்பியல் தடையில்லை, எல்லாம் காகிதத் தடை. காகிதம் என் தொழில். அதனால்தான் எனக்கு இந்த வழிமேல் நம்பிக்கை அதிகம் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

கடைசியில் முடிவானது இது. ஒப்பந்தத்தில் இப்படிப் பொருந்தும் ஒவ்வொரு பெட்டிக்கும் மிச்சமாகும் டீசல் காசை டிரான்ஸ்போர்ட்காரரும் நாங்களும் பாதிப் பாதி எடுத்துக்கொள்வோம். பெட்டியைச் சோதிக்க ஐந்து தொழிற்சாலையில் ஒன்று தன் கிடங்கின் முன்பக்கத்தைத் தருகிறது. கதவை மூடிக்கொண்டு உள்ளே நின்று எங்காவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு ஓர் ஆளை நியமிக்கிறோம். துறைமுகத்துக்கு எழுதும் மனுவில் மூன்று கோரிக்கைகள்: வடஆற்காட்டுக்கு ரயில் இணைப்பு, முன்கூட்டியே நேரம் ஒதுக்கி வண்டியை உள்ளே விடுவது, பசுமை மின்சாரத்தோடு கூடிய கரை மின்சாரம். மின்சார லாரி ஐந்தாண்டு கழித்து.

இரண்டு கப்பல் நிறுவனங்களுக்கு எழுதினேன். ஒன்றிலிருந்து பதில் இல்லை. மற்றொன்று ஒரே ஒரு பெட்டிக்குச் சோதனை அனுமதி தந்திருக்கிறது, நெளிவுச் செலவு முழுக்க எங்கள் தலையில் என்ற நிபந்தனையோடு. வருகிற வியாழக்கிழமை ஓசூரிலிருந்து வருகிறது. உள்ளே என்ன வந்தது என்று விசாரித்தேன். துணி துவைக்கும் இயந்திரங்களாம். வாசனை இருக்காது.